பொறித்துயில் விகார இயல்

நாஞ்சில் நாட்டில் நாங்கள் தூங்குவதில்லை, உறங்குகிறோம். தூங்குதல் என்றால் பழந்தமிழில் தொங்குதல். தூங்கணாங்குருவியின் கூடு சாட்சி. கணினிக்கு இரண்டுமே பொருந்தும். சில நாள் அது உறங்கும், சில நாள் திரை இருண்டு அப்படியே தொங்கும். தொங்கிவிட்டால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடிப்பதே பரிகாரம் என்பதால் அதை இந்நூல் ஆராயாது.

உறக்கத்துக்கு இலக்கணம் செய்தவர்கள் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவர். ஆண்டு 1996, நூலின் பெயர் ஏசிபிஐ. தொல்காப்பியத்தைக் கேட்ட அதங்கோட்டாசான் (மார்த்தாண்டத்துப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்பது எங்களூர் நம்பிக்கை, விட்டுக்கொடுப்பதாக இல்லை) இதையும் கேட்டிருந்தால், எஸ்1 முதல் எஸ்4 வரை உறக்கம் நான்கு என்ற இடத்தில் 'எதற்கு இத்தனை?' என்று கேட்டிருப்பார். புழக்கத்தில் இரண்டு போதும். எஸ்3 கோழியுறக்கம்: ரேம் மட்டும் கொஞ்சம் மின்சாரம் குடித்து விழித்திருக்கும், மற்றவை அணையும். எஸ்4 கும்பகர்ண உறக்கம்: ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு எல்லாமே அணையும்.

எழுந்தபின் உறுப்புகள் கூடுவது புணர்ச்சி. அது இயல்பு, விகாரம் என இரு வகை. இயல்பைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை. விகாரம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே மூன்றுதான்.

தோன்றல்: லினக்ஸில் பூஜ்யம் என்ற எண்ணோடு உறங்கிய யூஎஸ்பி சீரியல் கருவி, 1 என்ற எண்ணோடு புது ஆளாக வந்து நிற்கும். மென்பொருள் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

திரிதல்: ஸ்பீக்கரில் பாடிய பாட்டு, ஒலிபெருக்கியே இல்லாத மானிட்டருக்குப் போய்விடும்.

கெடுதல்தான் பெரிய படலம். லினக்ஸின் ஹெச்டிபார்ம் கட்டளை கொண்டு வன்வட்டுக்குச் சொல்லிவைத்த ஓய்வுநேரம் கெடும். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்ற கணக்கு கெடும். நிறம் கெடுவது எனக்குப் பட்டறிவு. அளவுக்கருவி வைத்து மானிட்டரைத் திருத்தினால், அந்தத் திருத்தம் கிராபிக்ஸ் கார்டில் ஓர் அட்டவணையாக ஏறி உட்காரும். கார்டுக்கு மின்சாரம் போனால் அட்டவணையும் போகும். திரும்ப ஏற்ற ஆளில்லாவிட்டால் மானிட்டர் தன் பிறவி நிறத்தைக் காட்டும். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகையை என் கணினியில்தான் அமைத்தோம். மத்தியானம் ஓர் உறக்கம் போட்டு எழுந்த திரையைப் பார்த்து, குங்குமச் சிவப்பு அடிக்கிறது என்று குறைத்தவன் நான். அச்சாகி வந்ததோ செங்கல் நிறம். 'நிறம் கொள்ளாம் மக்கா' என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அது ஆறுதல்தான்.

காரணத்தைப் பேச்சிப்பாறை அணையில் காணலாம். அணை திறந்தால் தண்ணீர் கால்வாயில் தானாக வரும். வயலின் மடையை விவசாயிதான் மண்வெட்டியோடு போய்த் திறக்கவேண்டும். கணினி எழும்போது கருவியை அடிப்படை நிலைக்குக் கொண்டுவருவது டிரைவரின் பொறுப்பு. டிரைவருக்குத் தெரியாமல் நாம் பக்கவழியாகப் போட்ட அமைப்பை அது எப்படி நினைவில் வைக்கும்? எழுந்த பிறகு நாமேதான் மறுபடி போடவேண்டும்.

தினமும் மடைக்கு ஓடுவதற்குப் பதில் காவலாள் வைக்கலாம். லினக்ஸில் சிஸ்டம்டிக்கு சிஸ்டம்-ஸ்லீப் என்றொரு கோப்புறை உண்டு. அதில் இட்ட ஸ்கிரிப்டை உறங்குமுன் 'ப்ரீ' என்றும் எழுந்தபின் 'போஸ்ட்' என்றும் சொல்லி அழைக்கும்; 'போஸ்ட்' வந்ததும் அமைப்புகளைத் திரும்பப் போடுமாறு எழுதிவைத்தால் போதும். விண்டோஸில் கணினி எழுந்ததை பவர்-ட்ரபிள்ஷூட்டர் நிகழ்வு எண் 1 என்று பதிவுசெய்யும். டாஸ்க் ஷெட்யூலரில் அதைக் கண்டதும் ஓடுமாறு ஒரு வேலையைக் கட்டிவிடலாம்.

இவ்வளவும் எதற்கு, ஷட் டவுன் செய்து திறந்தால் தீருமே என்பவர்களுக்கு ஒரு சொல். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொன்று இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதிக் கும்பகர்ணன்: உங்கள் வேலைகளை மூடிவிட்டு, கெர்னலை மட்டும் வட்டில் எழுதிவைத்து உறங்கும். கருவிகளை முதலிலிருந்து எழுப்ப வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.