அறுபத்தைந்து, மேசகல்யாணி!

தம்போலா மாதிரி நியாயமான விளையாட்டு வேறு கிடையாது. செஸ்ஸுக்கு மூளை வேண்டும். கேரம்போர்டுக்கு விரல் வேண்டும். ரம்மிக்கு, கையில் ஜோக்கர் இருந்தும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்காரத் தெரிய வேண்டும். தம்போலாவுக்கு ஒரு பேனா போதும். அதையும் பக்கத்து நாற்காலியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சீட்டில் 3 வரிசை, 9 பத்தி, ஆக 27 கட்டம். அதில் 15 கட்டத்தில்தான் எண். 1 முதல் 90 வரை ஒருவர் குலுக்கிக் குலுக்கிக் கூப்பிடுவார். இருந்தால் அடிக்க வேண்டியது, இல்லாவிட்டால் பெருமூச்சு விட வேண்டியது. கணக்கில் முனைவர் பட்டம் வாங்கிய பேரனும் எட்டாம் வகுப்போடு நின்ற பாட்டியும் இங்கே ஒன்று. பெரும்பாலும் பாட்டிதான் ஜெயிக்கிறாள்.

இந்தச் சமத்துவம் நம்மவர்களுக்குத் தாங்கவில்லை. தெரிந்ததைக் காட்டிக்கொள்ள இடமே இல்லாத விளையாட்டை எத்தனை நாள்தான் விளையாடுவது? அப்படி வந்து சேர்ந்ததுதான் தீம் தம்போலா.

இப்போது தென் சென்னையில் தீம் இல்லாமல் யாரும் சீட்டுக் கொடுப்பதில்லை. வளைகாப்பு என்றால் சீட்டு வளையல் வடிவத்தில் வரும்; வட்டத்துக்குள் எண்ணைத் தேடுவதற்குள் அடுத்த எண் போய்விடும். சஷ்டியப்தபூர்த்தி என்றால் சீட்டின் நடுவில் மாமாவும் மாமியும் மாலையோடு சிரிப்பார்கள். அவர்கள் முகத்தில் கோடு விழாமல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபசகுனம். கொலுவுக்குத் தனி, பொங்கலுக்குத் தனி, காசி யாத்திரை பஸ்ஸுக்குத் தனி.

தீம் நம் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட வேண்டாம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடும் விளையாட்டு இது. அங்கே 90 எண்ணுக்கும் தனித்தனி அர்த்தம் வைத்திருக்கிறார்கள். கனவில் என்ன வந்ததோ அதற்குரிய எண்ணில் லாட்டரி வாங்குவதற்காகப் போட்ட பட்டியல் அது. 22 என்றால் பைத்தியம், 90 என்றால் பயம், 47 என்றால் பிணம், 48 என்றால் பேசுகிற பிணம். நம் ஊர் வளைகாப்பில் யாராவது 48-ஐ இப்படிக் கூப்பிட்டால் கூப்பிட்டவரே 47 ஆகிவிடுவார்.

வெள்ளைக்காரன் பட்டாளத்திலும் இதே கதைதான். 11 என்றால் ஒரு ஜோடிக் கால், 22 என்றால் இரண்டு வாத்து, 88 என்றால் இரண்டு குண்டுப் பெண்கள். கிளப் வழியாக இந்தப் பட்டப்பெயர்களும் மதராஸுக்கு வந்து தங்கிவிட்டன. மந்தைவெளியில் ஒரு அடுக்ககத்தின் மொட்டை மாடியில், ரிட்டயரான கிளப் அங்கத்தினர் ஒருவர் உற்சாக மிகுதியில் இதைத் தமிழ்ப்படுத்தி, “எண்பத்தெட்டு, ரெண்டு குண்டு மாமி!” என்று கூவினார். முன் வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கூவியிருக்கலாம். அன்றைக்குச் சிரித்தவர்களின் பட்டியல் அந்தக் குடியிருப்பில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் கிளப்காரர்களின் தீம் வெறும் அலங்காரம். எண்ணையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். எண்ணைச் சொல்லாமல் மறைத்து, “கண்டுபிடி பார்க்கலாம்” என்று ஆரம்பித்தது மயிலாப்பூர்.

டிசம்பர் சீசனுக்கு முன்னால் கபாலி கோயில் பக்கத்து வீடொன்றில் மேளகர்த்தா தம்போலா வைத்தார்கள். யோசனை என்னவோ அபாரமானது. கர்நாடக சங்கீதத்தின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களுக்கும் வரிசை எண் உண்டு. போதாக்குறைக்குப் பெயரிலேயே அந்த எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதிக் கணக்குப்படி முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட வேண்டும். மேசகல்யாணியில் ‘மே’ 5, ‘ச’ 6, திருப்பினால் 65. சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’ என்று ஒன்றை ஒட்டவைத்ததே 29 வரவேண்டும் என்பதற்காகத்தான். கூப்பிட உட்கார்ந்தவர் பாட்டு டீச்சர். எண் சொல்ல மாட்டார், ராகத்தின் பெயரும் சொல்ல மாட்டார். இரண்டு நிமிஷம் ஆலாபனை. ராகத்தைக் கண்டுபிடித்து எண்ணை அடிக்க வேண்டியது நம் பொறுப்பு.

முதலில் தோடி. எட்டாம் எண். எல்லோரும் தலையாட்டினார்களே தவிர யாரும் அடிக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் தகராறு. அடுத்ததை டீச்சர் ஆரம்பித்ததும் ஒரு மாமா, “காம்போஜி! இருபத்தெட்டு!” என்று துள்ளினார். டீச்சர் பாடியது ஹரிகாம்போஜி. 28-ஆவது மேளம் அதுதான். காம்போஜி அதில் பிறந்த குழந்தை.

“அப்போ இருபத்தெட்டு சரிதானே?” என்றார் மாமா.

“எண் சரி, காரணம் தப்பு” என்றார் எதிர் நாற்காலி.

“சீட்டுல காரணத்துக்குக் கட்டம் இல்லையே ஓய்.”

கடைசியில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடிக்காமல் பாதி மட்டும் அடித்துக்கொள்ளலாம் என்று சமரசமாயிற்று. தம்போலாவில் பாதி மார்க் கொடுத்த ஊர் உலகத்திலேயே மயிலாப்பூர் ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் பந்துவராளியா சுபபந்துவராளியா, 51-ஆ 45-ஆ என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. டீச்சர் பாடியது எது என்று டீச்சரையே யாரும் கேட்கவில்லை. 63 வந்தபோது ஒரு பாதி லதாங்கி என்றது. மறு பாதி, “இந்தத் தெருவுல உக்காந்துண்டு அறுபத்துமூணுன்னா பங்குனி உற்சவம்தான், லதாங்கி எங்கேர்ந்து வந்தா?” என்று கொதித்தது. 73 முதல் 90 வரைக்கும் ராகம் கிடையாதே, அந்த 18 எண்ணுக்கு என்ன செய்வது? வேறு வழியில்லாமல் டீச்சர் வெறும் எண்ணாகவே சொன்னார். “எழுபத்தெட்டு.” அடடா, என்ன சந்தோஷம்! சடசடவென்று பேனாக்கள் ஓடின. அன்று மாலை முழுவதும் நாங்கள் விளையாடியது அந்தப் பதினெட்டு எண்களைத்தான்.

தி.நகர் இந்த அளவுக்கு ஆசாரம் பார்ப்பதில்லை. அங்கே சினிமா. நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபத்தில் மைக் கிடைத்தால் போதும், படத்தின் பெயரைச் சொல்லி எண்ணை அடிக்கச் சொல்வார்கள். ‘நவராத்திரி’ 9, ‘தசாவதாரம்’ 10, ‘16 வயதினிலே’ 16, ‘இம்சை அரசன்’ 23, ‘47 நாட்கள்’ 47. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது மைக் பிடித்த பையன் ‘ஆறிலிருந்து அறுபது வரை’ என்று ஒன்றைப் போட்டான். 6-ஐ அடிப்பதா 60-ஐ அடிப்பதா என்று இளசுகள் விழித்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா விழிக்கவில்லை. 6-இலிருந்து 60 வரை சீட்டில் இருந்த அத்தனையையும் அடித்துவிட்டு, முதல் ஐந்து எண்ணை முந்தி அடிப்பவருக்கான ஜல்தி ஃபைவ் பரிசைக் கேட்டார். சம்பந்தி வீட்டு மனிதர், கொடுத்துவிட்டார்கள். ‘12பி’ என்றதும் அந்த பஸ் எந்த வழியாகப் போகும் என்று ஒரு கிளைச் சர்ச்சை. ‘96’ ஏன் இல்லை என்று கேட்ட பெண்களிடம் 90-க்கு மேல் எண்ணே கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. பெண் வீட்டாரின் முதல் மனக்கசப்பு அங்கே பதிவாயிற்று.

அடையாறுக்காரர்கள் ஆகஸ்ட் 22-இல், மெட்ராஸ் தினத்துக்கு, அஞ்சல் எண் தம்போலா ஆடினார்கள். நான் பார்த்ததில் உருப்படியான தீம் இது ஒன்றுதான். நாடு முழுவதற்கும் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். அதற்கு முன்னால் மெட்ராஸ்-4 என்று எழுதினால் கடிதம் மயிலாப்பூருக்கு வந்துவிடும். இன்றைக்கும் பலர் சென்னை-4 என்றுதான் எழுதுகிறார்கள். திருவல்லிக்கேணி 5, தி.நகர் 17, அடையாறு 20, மேற்கு மாம்பலம் 33, திருவான்மியூர் 41, கோபாலபுரம் 86. பெசன்ட் நகர் 90! தபால் இலாகாவும் நேப்பிள்ஸ்காரனும் கலந்து பேசி முடிவு செய்த மாதிரி அப்படியொரு பொருத்தம். ஊர் பெயர் சொல்லச் சொல்ல எழுபதைத் தாண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். கைபேசியில் லொகேஷன் அனுப்பியே வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வீட்டு அஞ்சல் எண்ணே தெரியாமல் முழித்தார்கள். அதிலும் 28-இல் ஒரு முட்டுக்கட்டை. மந்தைவெளிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் ஒரே எண். மந்தைவெளியில் வீடு வைத்துக்கொண்டு ஆர்.ஏ.புரம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் யார் யார் என்பது அன்று அனைவருக்கும் தெரிந்துபோயிற்று.

இளைஞர்கள் வேறொரு தம்போலா வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பெரியவர்கள் பேசும் பேச்சுதான் கட்டம். “எப்ப சாப்பாடு போடப் போறா?”, “இளைச்சுட்டியே”, “பையன் எங்கே, யு.எஸ்.ஸா?” காதில் விழுந்ததும் அடித்துக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்கு என்ற அளவில் குறையில்லை, ஆனால் கணக்கு உதைக்கிறது. நம் உறவினர்கள் மொத்தமே இருபது வாக்கியம்தான் பேசுகிறார்கள். பத்தே நிமிஷத்தில் பதினோரு பேர் ஒரே சமயத்தில் ஃபுல் ஹவுஸ். பரிசாக இருப்பதோ ஒரே ஹாட்பேக். மூடி யாருக்கு?

90 எண் வைத்தவன் முட்டாள் இல்லை. ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவருக்கு அது முழுதும் முடியச் சராசரியாக 85 எண்ணாவது கூப்பிட்டாக வேண்டும். அதற்குள் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு முந்திவிடும்; யாருக்கு என்று கடைசிவரை தெரியாது. நம் சீட்டில் ஒரே ஒரு எண் பாக்கி இருக்கும்போது அடிவயிற்றில் ஏற்படும் கலக்கம்தான் விளையாட்டு. அந்த நேரத்தில் அடாணா எந்த மேளத்தில் பிறந்தது என்று யோசிக்கச் சொல்வது பாவம்.

நமக்குப் பரீட்சை எழுதாமல் பரிசு வாங்கினால் செரிக்காது போலிருக்கிறது. 2003-இல் லாட்டரிச் சீட்டை ஒழித்துவிட்ட மாநிலத்தில், உழைக்காமல் கிடைப்பதற்கு மிஞ்சியிருப்பது இந்தப் பத்து ரூபாய்ச் சீட்டு ஒன்றுதான். அதற்கும் சிலபஸ் போட்டால் எப்படி?

அடுத்த கொலுவுக்கோ வளைகாப்புக்கோ தம்போலா வைக்கப்போகிற மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம். சீட்டை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் வெட்டுங்கள், எந்தப் படத்தை வேண்டுமானாலும் போடுங்கள். எண்ணை எண்ணாகவே, உரக்க, இரண்டு முறை சொல்லுங்கள். பரிசு எவர்சில்வரில் இருக்கட்டும். ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், முதல் பந்தியில் இடம் கிடைக்கும்.