நாட்குறிப்பும் நாடித்துடிப்பும்

மலைப்பாதை சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராக முதலில் நல்ல சைக்கிள் வேண்டும், அப்புறம் நல்ல கால் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் வேண்டியது நோட்டாம். எவ்வளவு நேரம் மிதித்தாய், எத்தனை மீட்டர் ஏறினாய், எப்படித் தூங்கினாய் என்று எழுதி வைக்காதவன் பந்தயத்துக்கு லாயக்கில்லையாம். எனக்கு சிம்லா பக்கம் 2005-ல் தொடங்கிய ‘எம்.டி.பி. இமாலயா’ பந்தயத்தின் மீது ஒரு கண். நான் இருக்கும் கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். சிம்லாவோ சுமார் 2,200. உடனே ரெண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன்.

கிலோமீட்டருக்குக் கட்டம் கிடையாது. அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரம், கல்லும் வேரும் கிடக்கிற மலைத்தடத்தில் மூன்று மணி நேரத்தை விழுங்கும். அதனால் இந்தக் கூட்டம் தூரத்தை அவ்வளவாக நம்பாது. மிதித்த நேரம், ஏறிய உயரம் இரண்டுக்கும்தான் மரியாதை. இதில் ஒரு சௌகரியம்: “எத்தனை கிலோமீட்டர் போனீங்க?” என்று யாராவது கேட்டால், “அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க” என்று கம்பீரமாகச் சொல்லிவிடலாம்.

அடுத்த கட்டம், எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பது. இதற்கென்றே குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் ஓர் அளவுகோல் செய்து கொடுத்திருக்கிறார். அது 6-ல் தொடங்கி 20-ல் முடியும். பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு: சும்மா இருந்தால் 60, உயிர் போகிற மாதிரி மிதித்தால் 200. அதாவது, ஈசிசேரில் சாய்ந்து கிடப்பவனுக்கும் ஆறு மார்க் உண்டு. என் கணக்கு வாத்தியாருக்கு இந்த மனசு இருந்ததில்லை.

ஆரம்ப மாதங்களில் பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம் போதும், அப்போதுதான் அஸ்திவாரம் உறுதிப்படும் என்பது பயிற்சியாளர்கள் வாக்கு. ஆனைகட்டி ரோட்டில் என்னோடு வரும் நண்பர் மேட்டிலும் அரசியல் பேசுவார். அவர் சொல்வதை முழு வாக்கியத்தில் மறுக்க முடிந்தால் 11 போடுவேன். “அதெப்படிங்க?” மட்டும் வெளியே வந்தால் 14. வெறுமனே தலையாட்டினால் 17. நோட்டைப் புரட்டிப் பார்த்தால், செங்குத்தான ஏற்றங்களில் எல்லாம் நான் அவருடைய கட்சி.

நோட்டு சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. அப்பா வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். காலையில் படுக்கையை விட்டு எழும்முன் நாடி பார்த்து எழுத வேண்டும். அது வழக்கத்தைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று கொள்ளலாம். ஒருநாள் 56 இருக்க வேண்டிய இடத்தில் 66. குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மாலையில் வந்தால் சிவப்பு மை: “வித்தியாசம் 10. முந்தைய நாள் பயிற்சி: இல்லை. இரவு 11.40-க்கு பரோட்டா, சால்னா. ஆதாரம்: மருமகள்.” கீழே தேதியோடு சுருக்கொப்பம்.

கோபம் வந்தது, ஆனால் நோட்டு அப்போதுதான் நோட்டானது. கைக்கடிகாரம் 66 என்று காட்டும், சால்னாவைக் காட்டாது. தூக்கம், சாப்பாடு, ஆபீஸ் எரிச்சல் எல்லாம் பக்கத்திலேயே பதிவாகியிருந்தால்தான், பின்னால் புரட்டும்போது எந்த வாரம் கால் ஏன் கனத்தது என்று புலப்படும். இதைப் பார்த்துச் சொல்லப் பலர் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டு வேளை காபியோடு முடிகிறது.

இப்போதெல்லாம் தூறல் விழுந்தாலும் கிளம்பிவிடுகிறேன். ஓய்வு நாள் வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “ஏன் கண்ணு, அந்தப் பந்தயம் எப்போ?” என்றார்.

சொன்னேன்.

“அது கெடக்குது உடு. மார்ச் 31-க்குள்ள ஏறுன மீட்டரெல்லாம் டேலி ஆகோணும்.”

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு 19.