நேரில் படித்துக் காட்ட முடியுமா?

கேள்வி: என் மகன் கல்லூரி விடுதியில் எல்லா மதத்துப் பையன்களோடும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுகிறான். ராத்திரி கைப்பேசியைத் திறந்தால் மட்டும் அடுத்த மதத்தைத் திட்டும் செய்திகளைப் பரப்புகிறான். இது என்ன மாயம்?

பதில்: மாயமில்லை அம்மா, தூரம்! தட்டுக்கு எதிரே முகம் இருக்கிறது. திரைக்கு எதிரே வெறும் பெயர்தான். முகத்தைத் திட்ட மனசு வேண்டும். பெயரைத் திட்ட விரல் போதும்.

அந்த விரல் உயிரையும் எடுக்கும். 2018 மே மாதம், குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவிய நேரத்தில், போளூர் அருகே கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு அறிவித்தது வாட்ஸ்அப். விரலுக்குப் பூட்டு நிறுவனம் போடும். மனசுக்கு நாம்தான் போட வேண்டும்.

ஆனால் இளைஞர்களைக் கைவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, இதே கைப்பேசியில் உதவி திரட்டிச் சோறும் படகும் அனுப்பியவர்கள் அவர்கள்தான். மதம் பாராத வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு: நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இணக்கம் புதிதல்ல.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "அனுப்பும் முன் அந்தச் செய்தியை விடுதி நண்பனிடம் நேரில் படித்துக் காட்டு. வாய் வரவில்லையா? அழித்துவிடு!"