பத்துல ஒண்ணா, பத்துமா?

இன்னா தம்பி, நம்ம கோலார் தங்கவயல், அதான் கே.ஜி.எஃப்., ‘டெசிமேட்’ ஆயிடுச்சுன்னு செல்லுல எழுதி, அழுவுற மூஞ்சி பொம்மை வேற ஒட்டிகினு கீறியாமே? 2018-ல அந்தப் பேருல சினிமா வந்ததுல இருந்து எல்லாருக்கும் இந்த ஊரு மேல திடீர் பாசம். செரி, அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்? சர்வநாசமா? எந்த வாத்தியார் சொன்னாரு?

கேளு. லத்தீன்ல ‘டெசெம்’னா பத்து. ரோமாபுரி பட்டாளத்துல சண்டைக்குப் பயந்து ஓடுனவனுங்களை நிக்க வச்சு சீட்டுப் போடுவானுங்க. பத்துக்கு ஒருத்தன் மாட்டுவான். மிச்ச ஒன்பது பேரே அவனை அடிச்சுக் கொல்லணும். கூட உக்காந்து துன்னவன்தான்! கொன்னவனுக்கும் கோதுமை கட்டு, பார்லிதான். ஸ்பார்ட்டகஸ் கலகத்துல கிராசஸ்னு ஒரு பணக்காரத் தளபதி இதைத் தன் ஆளுங்க மேலயே செஞ்சான். 1655-ல இங்கிலாந்துல ராஜா கட்சிக்காரங்ககிட்ட கிராம்வெல் பத்துல ஒரு பங்கு வரி புடுங்குனான். அதுக்கும் இதே பேருதான்.

அப்புறம் வாய்க்கு வாய் போயி, பத்துல ஒண்ணு பத்துக்குப் பத்தா வீங்கிப் பூட்டுது. “அய்யய்யோ, தப்பு! பத்துல ஒண்ணுதான்”னு மல்லுக்கட்டுற படிச்ச கும்பலும் கீது. ஊரே ஒரு அர்த்தத்துல பேசுறப்போ இவனுங்க யாருக்குப் பஞ்சாயத்து பண்றானுங்க?

நம்ம கணக்குக்கு வா. 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்துச்சு. இதே சாம்பியன் ரீப்ஸ் மைன்ஸ்ல மூணு கிலோமீட்டருக்கு மேல பூமிக்குள்ள எறங்குனாங்க. மொத்த வயல்லயும் 800 டன்னு தங்கம் போல வாரியாச்சு. கல்லுல தங்கம் கொறைய, எடுக்குற செலவு வெலைய மிஞ்ச, 2001 பிப்ரவரி 28-ல மைன்ஸுக்குப் பூட்டு. மிஞ்சுனது சயனைடு மேடு. காத்தடிச்சா அந்தத் தூசி நம்ம சோத்துல.

மைன்ஸ் வேலை எவ்வளோ போச்சு? பத்துல ஒண்ணா? பத்தும் போச்சு! அதுக்கு ரோமாக்காரன் அர்த்தம் பத்தாது. ஊரும் அழிஞ்சுதா? லைன் வூட்டுல யாரு கீறாங்க, பேயா? அங்க உன் அர்த்தம் ரொம்பப் பெருசு.

விடிகாலைல எந்திரிப்பியா? சாம்பியன் ஸ்டேஷனுக்கு வா. பெங்களூரு வேலைக்கு ரயிலேறுற ஜனத்தை ஒவ்வொரு தலையா எண்ணு. எண்ணி முடிச்சிட்டு செல்லுல இன்னா வேணா எழுதிக்கோ.