தொண்ணூற்றைந்து டிகிரியில் சௌக்கியம்

நான் படித்த மேல்நிலைப் பள்ளியில் ஏசி இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. தலைமையாசிரியருக்கே தலைக்கு மேல் கடகடக்கும் ஒரு ஃபேன்தான். கம்ப்யூட்டர் அறைக்குப் போவதென்றால் செருப்பை வராந்தாவில் வரிசையாக விட வேண்டும், கால் தூசியைத் தட்ட வேண்டும், சத்தமாகப் பேசக் கூடாது. தூசிக்குப் பயப்படுகிற இயந்திரம் சத்தத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. மானிட்டருக்குப் பூவேலை செய்த துணி உறை. ஏப்ரல் மாதத்து மதுரையில் வகுப்பறையில் வெந்து, வாரத்துக்கு ஒரு பீரியட் அங்கே போய் நடுங்கிவிட்டு வருவோம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது 386. இன்டெல் 1985இல் வெளியிட்ட சிப். இரண்டே முக்கால் லட்சம் டிரான்சிஸ்டர். அது தின்றது சில வாட் மின்சாரம்தான். ஜீரோ வாட் என்ற பொய்ப் பெயரில் விற்ற இரவு பல்பு அதைவிட அதிகம் சூடாகும். சிப்பின் தலையில் உலோகத் தகடு கிடையாது, விசிறி கிடையாது, மொட்டையாகத்தான் இருந்தது. ஆக, அந்த அறையில் குளிர் தேவைப்படாத ஒரே ஆள் அதுதான். அதற்கு முந்தைய தலைமுறையில் அறை முழுக்க அடைத்து நின்ற பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஏசி உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்கள் சிலவற்றுக்குள் தண்ணீரையே ஓடவிட்டது. அவர்கள் சம்பாதித்த மரியாதை எங்கள் பள்ளிப் பெட்டிக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பிறகு நான் ஒரு வீடியோ மிக்ஸிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில். மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. கல்யாண வீடியோ என்றால் அப்போது மணமக்கள் ரோஜாப்பூவிலிருந்து வெளியே வர வேண்டும், சுவிட்சர்லாந்து மலைமீது மிதக்க வேண்டும், தாலி கட்டும்போது வானத்திலிருந்து இதயம் இதயமாகக் கொட்ட வேண்டும். கொட்டுகிற ஒவ்வொரு இதயத்தையும் ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்குப் போட்டு வரைவது ப்ராசஸர். ஒரு சுவிட்சர்லாந்துப் பாட்டை ரெண்டர் போட்டால் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய ஓடும். அந்த நேரம் முழுக்க ப்ராசஸர் நூறு சதவீதத்தில் நிற்கும். மற்ற அலுவலகங்களில் கணினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கடிதம் தட்டச்சு செய்பவர் யோசிக்கிற இடைவெளியில் அது சும்மா இருக்கும். இதயத்துக்கும் இதயத்துக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை.

ஏசி தேவைப்பட்ட காலம் வந்தபோது ஏசி இல்லை என்பதுதான் வேடிக்கை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டு, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தார் முதலாளி. எங்களுக்கென்று தனியாக ஃபேன் இல்லை. மெஷினைத் தடவிவிட்டு மறுபக்கம் வருகிற காற்று எங்களுக்கு. அது ஏற்கெனவே சூடேறிய காற்று.

வாரம் இரண்டு தடவையாவது ரெண்டர் பாதியில் நின்று பெட்டி தானாக அணையும். திறந்து பார்த்தால் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சுமெத்தை தைத்துவிடலாம் போலத் தூசி. ஃபேன் அதன் மேல் ஊதிக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. ப்ளோயர் வைத்து மாடிப்படியில் ஊதினால் கீழ்க்கடைக்காரர் சண்டைக்கு வருவார். வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த மெஷின் முழுதாகக் குளிர்ந்தது, ஆயுத பூஜை அன்று. துடைத்து, ஊதி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அணைத்துவைப்போம். பூஜை முடிந்து போடும் சாம்பிராணிப் புகையை அடுத்த வருடத்துக்கான முதல் படலமாக அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பேஸ்ட் விஷயத்திலும் கடைக்குக் கடை ஒரு சித்தாந்தம் இருந்தது. ப்ராசஸரின் மேல்தகடும் ஹீட் சிங்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய அளவில் இரண்டும் மேடு பள்ளம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். தாமிரம் வெப்பத்தைக் கடத்துகிற வேகத்தில் காற்றுக்குப் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அந்தக் காற்றை வெளியே தள்ளுவதுதான் வெள்ளைப் பேஸ்டின் வேலை. பேஸ்டும் தாமிரத்தை நெருங்க முடியாதுதான். காற்றைவிட மேல், அவ்வளவே. எனவே நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். எங்கள் முதலாளியோ காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது என்று டியூபைப் பிதுக்கி, ஓரமெல்லாம் வழிய வழியத் தடவுவார். பக்கத்துக் கடையில் பற்பசை வைத்தார்கள். அதுவும் வேலை செய்யத்தான் செய்தது, காய்கிற வரைக்கும்.

நாங்கள் ஸ்டூலும் ஃபேனுமாகத் திண்டாடிய காலத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்தே உலகமும் இதே திண்டாட்டத்தில்தான் இருந்தது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் ஒரு காணொளி வெளியிட்டது: ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட் சிங்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்? ஏஎம்டியின் அத்லான் நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தவழ்ந்தது, ஆனால் பிழைத்தது. அதே ஆண்டு ஒரு மாநாட்டில் இன்டெலின் பாட் கெல்சிங்கர், போகிற போக்கில் போனால் சிப்பின் ஒரு சதுர சென்டிமீட்டரில் உண்டாகும் வெப்பம் அணு உலையை எட்டும், ராக்கெட்டின் வாயை எட்டும், பிறகு சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்றார். எச்சரித்துவிட்டு அவர்கள் அதே போக்கில் இன்னும் கொஞ்சம் போனார்கள். 2004இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4இல் வேகமானவை நூறு வாட்டைத் தாண்டின. நான்கு கிகாஹெர்ட்ஸ் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

காரணம் எளிது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அது கேட்கும் வோல்டேஜும் மின்சாரமும் கூடவே சிறுக்கும் என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் கூட்டாளிகளும் காட்டியிருந்தார்கள். முப்பது வருடம் அந்தக் கணக்கு பலித்தது. அதற்குமேல் வோல்டேஜை இறக்கினால் டிரான்சிஸ்டர் அணைந்த நிலையிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. டிரான்சிஸ்டர் மட்டும் சிறுத்தது, வெப்பம் சிறுக்கவில்லை. சரி, ஒரே மூளையை விரட்டாமல் பல மூளைகளை வைப்போம் என்று எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் குளிர்ந்த சிப் செய்வார்கள் என்று நான் நம்பினேன். 2023 ஜனவரியில் இன்டெல் ஆறு கிகாஹெர்ட்ஸ் சிப் விற்றது. இந்த முறை யாரும் முழங்காலிடவில்லை. அதே வருடம் பின்னால் வந்த 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கலாம் என்று நிறுவனத்தின் தாளிலேயே போட்டிருக்கிறது. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையைக் கொண்டுவந்தபோது இன்னும் ஒருபடி மேலே போனது: சுமை ஏறும்போது 95 டிகிரியில் நிற்பது கோளாறு இல்லை, நாங்கள் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்றது. இருபது வருடத்துக்கு முன் எங்கள் முதலாளிக்கு இந்த வாக்கியம் கிடைத்திருந்தால் கடைவாசலில் எழுதி மாட்டியிருப்பார்.

இப்போது என் சொந்தக் கடை. கூட இருக்கும் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அவன்தான் குளிர்ச்சி இலாகா. முதலில் ஒரு கோபுரக் கூலர் வாங்கினான், குட்டிக் கோயில் கோபுர உயரம். அதன் தாமிரக் குழாய்களைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு. உள்ளே காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டுச் சொட்டு நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே தானாகத் திரும்பி வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளியை மனத்தில் வைத்துச் செய்த வேலை, இன்று சுவிட்சர்லாந்து மலைக்கு உழைக்கிறது. வெப்பம் பார்த்தோம்: 95. அடுத்து, பம்பும் ரேடியேட்டரும் மூன்று ஃபேனும் உள்ள வாட்டர் கூலர். பார்த்தோம்: 95.

“கூலர் போலியாடா?” என்றேன்.

“இல்லண்ணே, இப்ப வேகம் கூடியிருக்கு பாருங்க.”

கூடித்தான் இருந்தது. இந்தக் காலத்து ப்ராசஸர், இலையை மூடாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆள். நாம் எவ்வளவு குளிர்ச்சியைப் பரிமாறினாலும் அதை வேகமாக்கித் தின்றுவிட்டு மறுபடி அதே 95இல் வந்து நிற்கும். போதாததற்கு வெப்பம் பிறக்கிற சில்லு கட்டைவிரல் நகத்தளவுதான். அந்தச் சின்ன வாசல் வழியாக மேல்தகட்டுக்கும், அதிலிருந்து பேஸ்ட்டைத் தாண்டிக் கூலருக்கும் வெப்பம் வர வேண்டும். வெளியே எவ்வளவு பெரிய மைதானம் கட்டினாலும் வாசல் அதே வாசல்.

கூலர் விற்பவர்கள் அச்சிடும் கணக்கெல்லாம் இருபத்தைந்து டிகிரி அறைக்கு. எந்தக் காற்றுக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்காது. கத்திரி வெயிலில் எங்கள் அறை முப்பத்தெட்டு. அந்தப் பதின்மூன்று டிகிரியைப் போட்டியில் முதலிலேயே தோற்றுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். வெளியேற்றிய வெப்பமும் எங்கும் போவதில்லை, எங்கள் மேல்தான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய நூறு வாட் வெப்பம் விடுகிறார். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து அறுநூறு வாட் விட்டால், நானும் தம்பியும் மட்டும் இருக்கும் அறையில் வெப்பக் கணக்குப்படி எட்டுப் பேர். கடைசியில் ஏசி போட்டோம். வாடிக்கையாளர் வசதிக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் செருப்போடுதான் உள்ளே வருகிறார்கள்.

உருப்படியாக நடந்தது ஒன்றுண்டு. பயாஸில் ஈக்கோ மோட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் உச்ச மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வேகம் போவது கொஞ்சம்தான், ஏனென்றால் கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் வெப்பத்தில் கணிசமான பங்கு எரிகிறது. காசு செலவில்லாத இந்த வைத்தியம் தம்பிக்குப் பிடிக்கவில்லை. வாங்கிய வேகத்தைக் குறைத்து ஓட்டுவது அவமானம் என்கிறான். நான் இல்லாத நேரத்தில் எடுத்துவிடுகிறான்.

முன்பெல்லாம் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கேசட்டு கேட்டு வருவார்கள், அதற்குள் சில தம்பதிகளுக்குள் சண்டையே வந்திருக்கும். இப்போது காலை முகூர்த்தம், மாலை ரிசப்ஷன் எல்இடி திரையில் அதே தாலி மறுபடி கட்டப்பட வேண்டும். எனவே மெஷினை மண்டபத்துக்கே தூக்கிப் போகிறோம். ஏசி ஹால் விருந்தினருக்கு. எங்களுக்குச் சமையல்கட்டை ஒட்டிய பாத்திர அறை. போன வைகாசியில் அங்கே ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கேபினெட்டின் கதவைக் கழற்றி ஓரமாக வைத்து, மண்டபத்துக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்திருந்தான் தம்பி. பெண்ணின் பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது, இவருக்கு இப்படி வேர்த்து ஊத்துது, ஃபேன் பெட்டிக்கு ஓடுது?” என்று சொல்லிக்கொண்டே ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

தம்பி மரியாதையாக அதைப் பழையபடி திருப்பி வைத்தான். “அதுக்குத் தொண்ணூத்தஞ்சு டிகிரிதான் லிமிட்டுங்கய்யா. தாண்டப் போறோம்னு தெரிஞ்சா வேகத்தக் குறைச்சிரும்.”

“அப்ப இவருக்கு?”

“அண்ணனுக்கு முப்பத்தேழுதான். ஆனா அண்ணன் வேகத்தக் குறைக்க மாட்டாருங்கய்யா.”