படகுக்கு ஒரு தகர வீடு

அண்ணே,

உன் கடிதாசி வந்துச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், தடைக்காலம் 61 நாளும் லாஞ்சைக் கட்டிப் போட்டுட்டு பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சு ஓடிக்கினு இருக்குற நேரத்துல நீ எனக்கு எழுதுனதே பெரிசு. "போட் வாங்கினியே, இன்னா புடிச்ச?"ன்னு கேட்டிருக்க. மீன் அப்புறம். அந்தப் போட்டுக்கு ஒரு தகர ஷெட் போட்டேன், அந்தப் பேஜாரைக் கேளு.

இங்க டெக்சாஸ்ல, கால்வெஸ்டன் வளைகுடா ஓரத்துல ரிஃபைனரி வேலைக்கு வந்தவன் ஒவ்வொருத்தனுக்கும் படகு ஆசை வந்துடும். ஆனா வாங்குன படகு தண்ணியில கெடக்காது. வீட்டு வாசல்ல டிரெய்லர் மேல குந்திக்கினு இருக்கும். நம்ம காசிமேட்டுல வார்ஃபுல எடம் இல்லாம லாஞ்சுங்க ஒண்ணை ஒண்ணு உரசிக்கினு நிக்குது. இங்க கடல் காலி, தெருவுதான் நெரிசல்.

வாங்குன வாரமே குடியிருப்போர் சங்கத்துல இருந்து நோட்டீஸ். கூடவே சாட்சிக்கு என் படகோட போட்டோ. தெருவுல போறவங்க கண்ணுக்குப் படகு தெரியக் கூடாதாம். கடலோரத்து ஊர்ல படகு தெரிஞ்சா மானக்கேடாம்! வேலிக்குப் பின்னாடி ஷெட் போட்டு வை, அதுவும் வீட்டுக் கலர்லயே இருக்கணும்னு எழுதியிருந்தாங்க.

ஷெட் தேவைதான், இல்லேன்னு சொல்லல. வெயில்ல சும்மா நின்னா ஃபைபரோட மேல்பூச்சு வெளுத்து, தொட்டா கையில மாவு மாவா வரும். சீட்டெல்லாம் வெடிச்சுடும். உழைச்சுத் தேயுற நம்ம படகுக்குத் தார்ப்பாய் போதும், தூங்கியே கெடுற படகுக்குத்தான் கூரை வேணும். மழைத்தண்ணி தேங்காம இருக்க அடித்தக்கையை வேற கழட்டி வெக்கணும். அதைத் திரும்பப் போடாம கடல்ல இறக்கிட்டு அலறுறவங்களை வேடிக்கை பார்க்கவே படகுத்துறைக்கு வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு.

ஷெட் கம்பெனிக்காரன் அளவு தனிக் கணக்கு. 21 அடின்னு விப்பான், கூரைதான் 21, கீழ சட்டம் 20. உயரம்னா உச்சி இல்ல, ஓரத்துக் காலோட உயரம். படகை மட்டும் அளந்தா பத்தாது, டிரெய்லரோட மூக்கு, பின்னாடி தொங்குற மோட்டார் எல்லாம் சேரும். என் 21 அடி போட்டுக்கு 26 அடி ஷெட் ஆச்சு. நைனா இருந்திருந்தா ஒரு கயித்தை இழுத்துப் புடிச்சு ஒரே பேச்சுல முடிச்சிருப்பாரு.

நகராட்சி ஆபீஸ்ல வரைபடம் குடுத்தேன். கூரை விழுந்துடுமான்னு ஒருத்தரும் கேக்கல, பறந்துடுமான்னுதான் கேட்டாங்க. யோசிச்சுப் பாரு, பக்கம் தொறந்த ஷெட்டுல காத்து அடியில பூந்தா பாய் விரிச்ச கட்டுமரம் மாதிரிதான், கெளம்பிடும். அதனால ஒவ்வொரு காலுக்கும் திருகு போட்ட நீள ஆணி மண்ணுக்குள்ள எறங்கணும், சிமென்ட் தரைன்னா போல்ட்டு. மணிக்கு 140 மைல் காத்தைத் தாங்கும்னு, அதாவது 225 கிலோமீட்டர், டெக்சாஸ் இன்ஜினியர் முத்திரையோட சீட்டு வேணும்.

ஒரு தகரக் கொட்டாய்க்கு இவ்ளோவான்னு எரிச்சலாத்தான் வந்துச்சு. ஆனா இது 1900 செப்டம்பர் 8 புயல்ல ஆறாயிரம் பேருக்கு மேல பறிகொடுத்த கரை. அதுக்கப்புறம் கடல்சுவர் கட்டி, கால்வெஸ்டன் ஊரையே மண்ணு போட்டு ஒசத்துனாங்க. 2024 ஜூலை 8ல பெரில் புயல் வந்தப்ப கிட்டத்தட்ட நம்ம வர்தா புயல் காத்துதான். 2016 டிசம்பர்ல நம்ம தெருவுல பறந்த தகரம் எந்த வூட்டுதுன்னு யாருக்காவது தெரிஞ்சுதா? சங்கத்து நோட்டீஸ் வெட்டி, இந்தக் காத்துக் கணக்கு நியாயம். நீ மாடியில வலைக்கு ஷெட் போடணும்னு எழுதியிருக்கியே, கூரைத் தகரத்துக்குக் கொட்டுற துட்டைக் காலுக்குப் போடு. உப்புக்காத்துல தகரத்துக்கு முன்னாடி திருகாணிதான் துருப்புடிக்கும், அதை மட்டும் ஸ்டெயின்லெஸ்ல வாங்கு.

ஷெட் போட மெக்சிகோ பசங்க வந்தாங்க. பெர்மிட்டுக்கு அலைஞ்சதுல பாதி ஆயுசு போச்சு, அவங்க மதியத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. இங்க கெடைக்குற கிங் மேக்கரல், நம்ம வஞ்சிரத்தோட பங்காளி, அதுல கொழம்பு வெச்சுப் போட்டோம். காரம் பத்தலேன்னானுங்க!

இப்ப மீனு. ரெட் டிரம்முன்னு ஒண்ணு, நம்ம கத்தாளை ஜாதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணுதான். 20 அங்குலத்துக்குக் கம்மின்னா கடல்லயே விடணும், 28ஐத் தாண்டுனா லைசென்ஸ்ல இருக்குற சீட்டைக் கிழிச்சு மீன்ல கட்டணும். மூணு மீனோட நம்ம ஏலத்துல போய் நின்னா அண்ணி என்னையும் சேத்துக் கூறு போட்டுடும்.

ஷெட்டைப் பார்த்ததுல இருந்து இங்க இருக்குற தமிழ்ப் பொம்பளைங்களுக்கு அது பந்தலாத் தெரியுது. அடுத்த மாசம் ஒரு பொண்ணுக்கு அங்கயே வளைகாப்பாம், உன் தம்பி பொண்டாட்டி வாக்குக் குடுத்துட்டா. அதுக்குப் படகை வெளிய இழுத்து நிறுத்தணும். வெளிய நிறுத்துனா தெருவுல போறவன் கண்ணுக்குத் தெரியும். அதுக்கு எந்த ஃபாரம்னு திங்கக்கிழமை சங்கத்துல கேக்கணும்.

உன் தம்பி