தோல்வியின் மகிமை

ஜப்பான் தேசத்து ரோலண்ட் கம்பெனியார், துணைக்கு பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காமல் தனிமையில் அப்பியாசம் செய்யும் கிதார் வித்வான்களின் கஷ்டத்தைப் போக்கும் பொருட்டு, 1981-ஆம் வருஷத்தில் டி.பி.-303 என்ற சிறு யந்திரத்தைச் சிருஷ்டித்தபோது, அது பேஸ் கிதாரைத் தவிர மற்ற சகல வஸ்துக்களையும் போல ஒலித்தபடியால், வாங்குவோர் அதிகமின்றி 1984-ல் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று. பிற்பாடு அற்ப விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்த அதனைச் சிகாகோ நகரத்து ஃபியூச்சர் என்ற இசைக்குழுவினர் வாங்கி, குமிழ்களை இஷ்டப்படி திருகி, 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசைத்தட்டாக வெளியிட்டதும், அந்த அபஸ்வரக் கூச்சலே தேவகானம் என்று ரஸிக உலகம் தீர்ப்பளித்துவிட்டது. அவ்வொலியைக் கம்ப்யூட்டரே சொற்பச் செலவில் எழுப்பித் தருகிற இக்காலத்திலும், அசல் பெட்டிக்காக லட்சக்கணக்கான ரூபாயை ஆனந்தத்தோடு தத்தம் செய்கிற பக்தர்களில் பலர், அதை வாசிப்பதைக் காட்டிலும் தூசி தட்டிப் போட்டோ எடுப்பதிலேயே பரம திருப்தி அடைகிறார்கள். ஆகவே, தாம் செய்த பண்டம் விலைபோகவில்லையே என்று மனம் நொந்திருக்கும் வியாபாரிகளுக்கு நாம் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான்: சரக்கைத் திருத்த வேண்டாம், உற்பத்தியை நிறுத்துங்கள், அது போதும்.